நாற்பத்தோராம் பக்கத்துச் சிரிப்பு

சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்து, அது காயும்வரை பொறுத்திருந்து, கையை இரண்டு தடவை கைக்குட்டையில் ஒற்றிய பிறகுதான் நாத்தனார் தன் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தார். வெட்டுக்கிளி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறு நிறையச் சாப்பிட்டாயிற்று, ஜன்னல் வழியாக நல்ல காற்று வருகிறது, கணவன் பழம் நறுக்கிக்கொண்டிருக்கிறான். மற்ற வீடுகளில் எல்லாம் இந்த நேரத்துக்குக் கண்ணைச் சொருகும். இந்த வீட்டில் மட்டும் விசாரணை தொடங்கும்.

வெட்டுக்கிளி என்பது பதிப்பகத்தில் அவளுக்கு வைத்த பெயர். வைத்தவர் முதலாளி. பேராசிரியர்கள் பச்சைப் பசேலென்று வளர்த்துக்கொண்டு வருகிற வயலுக்குள் இவள் ஒருமுறை இறங்கி ஏறினால் தண்டு மட்டும்தான் மிஞ்சும் என்று அவர் ஏதோ ஒரு கூட்டத்தில் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. வெட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பதிப்பகம் மாணவர்களுக்காக ‘திருப்புமுனை வரிசை’ என்று ஒன்றை நடத்திவந்தது. ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்த உலகம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிய காலங்களைப் பற்றி, பள்ளிக்குப் போய்வரும் பேருந்திலேயே படித்து முடித்துவிடக்கூடிய ஒல்லியான புத்தகங்கள். கொள்ளைநோய்க்கு ஒன்று, அச்சு இயந்திரத்துக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று, புரட்சிக்கு ஒன்று. எழுதுகிற பேராசிரியருக்கோ புரட்சி நடந்த நாளுக்கு வந்து சேரவே இருநூறு பக்கம் வேண்டும். அதற்கு முன்னால் விளைச்சல், வரி, அரண்மனைச் செலவு, முந்தைய அரசர், அவருக்கும் முந்தையவர் என்று வரிசையாக நிற்பார்கள். அத்தனை பேரையும் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ‘அன்று காலை ரொட்டிக் கடைகளின் முன்னால் பெண்கள் கூடத் தொடங்கினார்கள்’ என்ற வரியில் புத்தகத்தை ஆரம்பித்துவைப்பாள் வெட்டுக்கிளி.

நாத்தனார் கணவனின் அக்கா. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாற்று ஆசிரியை. குரலின் வீச்சை வைத்துப் பிள்ளைகள் அவருக்குப் பீரங்கி என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு பெருமையும் உண்டு. வரிசையில் எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் பிரதி அவருக்கும், ஒரு கட்டு அவர் வகுப்புப் பிள்ளைகளுக்கும் போகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வருவார். சாப்பாடு முடிந்ததும் பிழை வரும். கொள்ளைநோய்ப் புத்தகத்தில் ஒரு அரசர், எண்கள் இடம்மாறியதால், பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போயிருந்தார். நீராவிப் புத்தகத்து வரைபடத்தில் வடக்கைக் காட்டவேண்டிய அம்பு தெற்கைக் காட்டியது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அச்சு இயந்திரப் புத்தகத்தில் ‘அச்சுப்பிழை’ என்ற சொல்லிலேயே ‘ப்’ விழுந்துவிட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நாத்தனார் இரண்டாவது தடவை காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதனால் முதல் உலகப் போரைப் பற்றிய இந்தப் புத்தகத்துக்கு வெட்டுக்கிளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒற்றெழுத்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஆண்டுகளைத் தலைகீழாகப் படித்தாள். அரசர்கள் பிறந்த பிறகுதான் இறந்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவராக விசாரித்தாள்.

“என்னக்கா, எந்தப் பக்கம்?” என்றாள் இப்போது. குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

நாத்தனார் புத்தகத்தின் அட்டையைத் தடவினார்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லன்னா?”

“ஒரு தப்புகூட இல்ல. ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவை சிவப்புப் பேனாவைத் திறந்து வெச்சிக்கிட்டே படிச்சேன். மை காஞ்சதுதான் மிச்சம். என்னடா இது, கண்ணுதான் மங்கிடுச்சோன்னு தம்பி கடைக்குப் போய் செக் பண்ணிட்டு வந்தேன்.”

“பவர் கரெக்டா இருக்கு,” என்றான் கணவன் பழத்தட்டை வைத்தபடி. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். “நானே பார்த்தேன். கழுகுக் கண்ணு.”

வெட்டுக்கிளிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இந்த வாக்கியத்துக்காக அவள் எத்தனை வருடமாகக் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், ‘புத்தகம் போடற கம்பெனியில என்ன பண்றே, பிழை பார்ப்பியா?’ என்று நாத்தனார் கேட்டதும், ‘இல்லக்கா, எடிட்டர்’ என்று அவள் சொன்னதும், ‘ஓ’ என்று நாத்தனார் இழுத்ததும் ஞாபகத்துக்கு வந்தன. அந்த ஓவுக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது. பழத்துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அது என்ன பழம் என்றே தெரியவில்லை, அவ்வளவு இனிப்பாக இருந்தது.

“அதுவும் இந்த நாற்பத்தோராம் பக்கம் இருக்கே,” என்று நாத்தனார் புத்தகத்தை விரித்து அவர்கள் பக்கம் திருப்பினார். “இதுக்கு உன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்.”

அந்தப் பக்கத்தில் எழுத்து அதிகம் இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு புகைப்படங்கள். இரண்டும் ஐரோப்பிய நகரமொன்றின் ஒரே சதுக்கம், அதே கடிகாரக் கோபுரம். மேலே இருந்தது போர் அறிவிக்கப்பட்ட நாள், கீழே இருந்தது போர் முடிந்த நாள். இரண்டிலும் கூட்டம் தொப்பியைத் தூக்கி எறிந்து ஆர்ப்பரிக்கிறது. பேராசிரியர் எழுதித் தந்த பன்னிரண்டு பக்க அத்தியாயத்தை வெட்டிவிட்டு, படக் காப்பகம் ஒன்றில் தேடிப் பிடித்து, இந்த இரண்டு படங்களை அங்கே வைத்தது வெட்டுக்கிளியின் யோசனைதான்.

“வெள்ளிக்கிழமை ஒன்பதாங் கிளாஸ்ல இதைத்தான் எடுத்தேன்.” நாத்தனார் எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்குள்ளேயே வகுப்பு தொடங்கிவிட்டது. “மேல இருக்கற மூஞ்சிங்களைப் பாருங்கடா, சிரிக்குதுங்க, ஆனா கண்ணுல ஒண்ணுமே இல்ல பாருங்க. வெறும் போதை. என்ன வரப்போகுதுன்னு தெரியாத முட்டாள் சிரிப்பு. இப்போ கீழ பாருங்க. இதுவும் சிரிப்புதான். ஆனா இது பட்டு அனுபவிச்சவன் சிரிப்பு. பிள்ளையைத் தொலைச்சவன் சிரிப்பு. இந்தக் கண்ணைப் பாரு, இந்த ஆளு கண்ணைப் பாரு! நாலு வருஷ அழுகையும் இதுக்குள்ள இருக்கு. அப்படின்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கடைசி பெஞ்சு ராட்சசனுங்ககூட மூச்சு விடலம்மா.”

“அக்கா, எனக்கே புல்லரிக்குது,” என்றான் கணவன்.

“வியாழக்கிழமை ஆசிரியர் மாநாடு இருக்கில்ல, பதினஞ்சு பள்ளிக்கூடத்துலேருந்து வராங்க. ‘ஒரு படத்தை எப்படி வாசிப்பது’ன்னு என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. இந்தப் பக்கத்தைத்தான் திரையில பெருசாப் போடப்போறேன். கூடவே உன் பேரையும் சொல்லுவேன்.”

வெட்டுக்கிளி வெட்கத்துடன் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பாராட்டப்பட்ட குழந்தையின் முகத்தைத் தாய் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தாள். பட்டு அனுபவித்தவன் என்று நாத்தனார் சொன்ன ஆள் கீழ்ப் படத்தின் நடுவில் இருந்தான். வாய் கொள்ளாமல் சிரித்தான். அவன் கையிலிருந்து அப்போதுதான் புறப்பட்ட தொப்பி தலைக்கு மேலே நின்றது. தட்டையான, விளிம்பு விறைப்பான, வெளிர்நிறத் தொப்பி. வைக்கோல் தொப்பி. வெயிலுக்குப் போடுவது.

அவள் வாயிலிருந்த பழம் பாதியில் நின்றது.

கீழ்ப் படத்தில் எல்லாத் தொப்பிகளும் வைக்கோல் தொப்பிகள். ஒரு பெண் குடை பிடித்திருந்தாள், வெயில் குடை. கோபுரத்துப் பக்கத்து மரத்தில் இலை அடர்ந்து கிடந்தது. மேல் படத்தில் அதே மரம் எலும்பும் குச்சியுமாக நின்றது. ஆட்கள் கழுத்துவரை பித்தான் போட்ட கனத்த மேலங்கிகளில் இருந்தார்கள். அந்த ஊர்ப்பக்கம் ஆகஸ்ட் கோடை. நவம்பர் குளிர். போர் தொடங்கியது ஆகஸ்ட். முடிந்தது நவம்பர்.

எப்படி நடந்தது என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அச்சுக்குப் போகிற கடைசி நாள், பக்கம் வடிவமைப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘மேல இருக்கற படத்தைக் கீழ போடுங்க, கீழ இருக்கறதை மேல போடுங்க, ரெண்டு வரி இடம் கிடைக்கும்’ என்று சொன்னவள் அவளேதான். அவர் படங்களை மாற்றினார். படங்களுக்குக் கீழே இருந்த விளக்கங்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. அதற்குப் பிறகு அவள் அந்த விளக்கங்களை எத்தனையோ முறை படித்தாள். ஒரு ஒற்றெழுத்து விழவில்லை. படங்களை ஏன் மறுபடி பார்க்கவேண்டும், அவள் தேடிக் கண்டுபிடித்த படங்கள்தானே?

“காபி போடறேன்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். கணவனைக் கண்ணால் கூப்பிட்டாள். அவன் வந்ததும் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு கதவு இடுக்கு வழியாக அக்காவைப் பார்த்தான். நாத்தனார் தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, கையை ஆட்டி, உதட்டை அசைத்து, வியாழக்கிழமைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லாதே,” என்றான். “எங்கக்கா இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பார்த்ததில்ல.”

“அங்க பதினஞ்சு பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க உக்காந்திருப்பாங்க. படத்தை ஆளுயரத்துக்குப் பெருசாக்கிப் போடப்போறாங்க. ஒருத்தர் கண்ணுலயாவது தொப்பி படாதா?”

“ஊருக்கெல்லாம் நான் கண்ணாடி போடறேன். என் வீட்டுல ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியல.” அவன் பெருமூச்சு விட்டான். “சரி, சொல்லு. ஆனா நான் துணி எடுக்க மாடிக்குப் போன பிறகு சொல்லு.”

“துணி காயவே போடலீங்க.”

“பரவாயில்ல, கொடியையாவது பார்த்துட்டு வரேன்.”

ஒரு நிமிடம் அவள் மட்டும் அடுப்பின் முன்னால் நின்றாள். பேசாமல் இருந்துவிடவும் வழி இருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் வேறு ஏதாவது காரணம் சொல்லி, வேறு ஒரு பக்கத்தைப் புகழ்ந்து, வியாழக்கிழமைக்கு அதைப் போடச் சொல்லிவிடலாம். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். அப்படிச் செய்தால் ‘ஒரு தப்புகூட இல்ல’ என்ற வாக்கியம் அவளிடமே இருக்கும். யோசிக்க யோசிக்க அது நல்ல திட்டமாகத்தான் தெரிந்தது. ஆனால் பாலைப் பார்த்துக்கொண்டே அவள் நினைத்ததெல்லாம் அந்த ஒன்பதாம் வகுப்பைப் பற்றி. நாற்பது பிள்ளைகள் முட்டாள் சிரிப்பைப் பார்த்துப் பட்டவன் சிரிப்பு என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். புத்தகத்தில் போட்டிருந்ததால் நம்பியிருக்கிறார்கள். போட்டது அவள்.

காபியை வைத்துவிட்டு, உட்காராமலேயே, “அக்கா, மரத்தைப் பாருங்க,” என்றாள்.

நாத்தனார் மரத்தைப் பார்த்தார். மேல் மரம், கீழ் மரம். பிறகு தொப்பி. பிறகு குடை. வெட்டுக்கிளி அச்சுக்குப் போன நாள் நடந்ததைச் சொன்னாள், முழுக்கத் தன் தப்பு என்றாள், பேராசிரியரும் பார்க்கவில்லை, முதலாளியும் பார்க்கவில்லை என்றாள். வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குவிந்தன. வெட்டுவதற்கு அவளுக்கே யாராவது தேவைப்பட்டார்கள்.

“கண்ணைப் பத்தி அரை மணி நேரம் பேசினேனே,” என்றார் நாத்தனார் மெதுவாக. பீரங்கியிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அவர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். “நான் கிளம்பறேம்மா.” காபியைத் தொடவில்லை. மாடியிலிருந்து இறங்கிய கணவன் வாசலில் அக்காவின் செருப்பு இல்லாததைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அந்தக் காபியை எடுத்துக் குடித்தான்.

மறுநாள் காலையில் முதலாளியின் அறையில் இன்னொரு விசாரணை. கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் நடைபாதை வரை அடுக்கியிருந்தன. முதலாளி அவற்றுக்கு நடுவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னபோது மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. கோபத்தில் இருக்கிறார் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இருபது வருஷமா இந்தப் போரைத்தான் பாடம் நடத்தறேன்,” என்றது கடைசியில் குரல். “ஆகஸ்ட் மாசத்துல ஒரு ஊரே கம்பளிக்கோட்டு போட்டுக்கிட்டு நிக்குது, அதைப் பார்த்துட்டு எனக்கு வேர்க்கக்கூட இல்லையே!” சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “என் பன்னிரண்டு பக்கத்தை விட்டிருந்தா இந்த வம்பே இல்ல,” என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

“ரெண்டு ஸ்டிக்கர்,” என்றார் முதலாளி. “மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. சரியான விளக்கத்தைப் போட்டு, பழசு மேலயே ஒட்டிட வேண்டியதுதான். யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம். வெட்டுக்கிளிக்குக் கடைசியில ஒட்டற வேலையும் வந்தாச்சு.”

அப்போது கதவு தட்டப்படாமலேயே திறந்தது. நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் பதிப்பகத்துக்கு வந்ததில்லை. தோளில் பள்ளிப் பை, கையில் புத்தகம், கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு. வெட்டுக்கிளி எழுந்து நின்றாள். முதலாளியும், யார் என்று தெரியாமலேயே, எழுந்து நின்றார்; வாத்தியார் உள்ளே வந்தால் எழுந்துகொள்ளும் கால்கள் எல்லோருக்கும் மிச்சம் இருக்கத்தான் செய்கின்றன.

“எங்க நாத்தனார் சார்,” என்றாள்.

“உக்காருங்க ரெண்டு பேரும்,” என்றார் நாத்தனார். உட்கார்ந்தார்கள். “வெளியவே காதுல விழுந்துச்சு, ஒட்டப்போறீங்களா?”

“ஆமாங்க. யாருக்கும் தெரியாம...”

“ஒட்டக்கூடாது.” குரல் திரும்பி வந்துவிட்டிருந்தது, நடைபாதையில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். “நேத்து ராத்திரி பூரா இந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். முதல்ல உங்க எடிட்டர் மேல கோவம். அப்புறம் என் மேல கோவம். அப்புறம் விளக்கத்தைக் கையால மூடிக்கிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். அந்த ஆளு கண்ணுல நாலு வருஷ அழுகை இருக்குன்னு சொன்னேனே, அப்படி எதுவுமே இல்லங்க. சும்மா சிரிக்கிறான். நல்ல வெயில்ல நிக்கிறான், சிரிக்கிறான். அழுகையை நான்தான் கொண்டுபோய் அங்க வெச்சேன். கீழ எழுதியிருந்ததைப் படிச்சிட்டு வெச்சேன்.” ஒரு கணம் நிறுத்தினார். “முப்பது வருஷமா நான் என்னென்ன எங்கெங்க வெச்சிருக்கேனோ!”

வெட்டுக்கிளிக்கு எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பழக்கமில்லாததால் உட்கார்ந்தே இருந்தாள்.

“அதனால தப்பை அப்படியே விடுங்க. பக்கத்தோட அடியில ஒரே ஒரு சீட்டு ஒட்டுங்க. இந்தப் பக்கத்துல விளக்கங்கள் இடம் மாறியிருக்கு, படத்தை மட்டும் பார்த்து அதை நிரூபிக்க முடியுமான்னு பிள்ளைங்களைக் கேளுங்க. அவ்வளவுதான்.”

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். தப்பை ஒத்துக்கொண்டு புத்தகம் விற்பது அவருடைய வழக்கத்தில் இல்லை. “ஒரே சீட்டுதானா?” என்றார் யோசனையாக. “ரெண்டு வேணாமா?”

“ஒண்ணு போதும்.”

“அப்போ ஒட்டற வேலை பாதியாகுது,” என்றார் முதலாளி. அவர் முகம் அதற்குப் பிறகுதான் மலர்ந்தது. வரலாற்றுக்காக இல்லாவிட்டாலும் பசைக்காக அவர் சம்மதித்தார்.

வெளியே வந்ததும் நாத்தனார், “புதன்கிழமை என் கிளாசுக்கு வா,” என்றார்.

“நானா? எதுக்குக்கா?”

“நான் தப்பா சொன்னேன்னு அந்த ராட்சசனுங்ககிட்ட ஒத்துக்கணும். தனியா நிக்க பயமா இருக்கு. மாநாட்டுக்கு முன்னாடி ஒத்திகை பார்த்த மாதிரியும் ஆச்சு. அங்கயும் இதைத்தான் சொல்லப்போறேன்.”

புதன்கிழமை வெட்டுக்கிளி அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், ராட்சசர்கள் நகர்ந்து கொடுத்த இடத்தில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவன் நாடியில் நான்கு மயிர் முளைத்த பரம சாது. அவளுக்குத் தன் பேனாவைக் கொடுத்து உபசரித்தான். வகுப்பில் சுண்ணாம்புத் தூளும் சாப்பாட்டுப் பைகளும் கலந்த வாசனை. நாத்தனார் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார். புத்தகத்தை எடுத்தார், வைத்தார். அவர் பயந்து நிற்பதைப் பார்க்க வெட்டுக்கிளிக்குப் பாவமாகவும், நல்ல வேளை நான் அங்கே நிற்கவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது.

“நாற்பத்தோராம் பக்கம். படத்துக்குக் கீழ இருக்கற எழுத்தைக் கையால மூடுங்க. போன வெள்ளிக்கிழமை நான் என்ன சொன்னேன்கறதையும் மூடுங்க. இப்போ எது முதல் படம், எது ரெண்டாவது படம்?”

நாற்பது உள்ளங்கைகள் புத்தகத்தில் விழுந்தன. முணுமுணுப்பு ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்குத் தாவியது. ‘மரம்டா’ என்றது ஒரு குரல். ‘கோட்டு, கோட்டு!’ என்றது இன்னொன்று. யாரோ வைக்கோல் தொப்பியைக் கண்டுபிடித்துவிட்டு மேசையைத் தட்டினார்கள். நாத்தனார் எல்லாம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, அச்சில் படங்கள் இடம் மாறிவிட்டன என்றும், மாற்றியவர் கடைசி பெஞ்சில் இருக்கிறார் என்றும், ஆனால் அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் கதை அளந்தது தான்தான் என்றும் சொன்னார். நாற்பது தலைகள் திரும்பி வெட்டுக்கிளியைப் பார்த்தன. அவள் அசடு வழியக் கையசைத்தாள்.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். “நான் அன்னிக்கே பார்த்துட்டேன் மிஸ்.”

“என்னத்தை?”

“தொப்பியை. மாறியிருக்கேன்னு நினைச்சேன்.”

“ஏண்டி அப்பவே சொல்லல?”

“நீங்க அழுதுட்டு இருந்தீங்க மிஸ்.”

அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. நாத்தனார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு பீரங்கி சிரித்தது. அதுதான் அனுமதி என்று எடுத்துக்கொண்டு வகுப்பே வெடித்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல், தானும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனார்.

சிரிப்பு தேய்கிற நேரத்தில், வெட்டுக்கிளிக்குப் பேனா கொடுத்த பையன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, “மிஸ், இன்னொண்ணும் இருக்கு,” என்றான். “வெயில் படத்துல முக்காவாசி ஆம்பளைங்க. வயசுப் பசங்க. குளிர் படத்துல பொம்பளைங்களும் தாத்தாங்களும்தான் நிறைய இருக்காங்க. அந்தப் பசங்களைக் காணோம்.”

வெட்டுக்கிளி அவன் புத்தகத்தில் குனிந்து பார்த்தாள். உண்மைதான். மேலங்கிகளுக்குள் இருந்தவை பெரும்பாலும் பெண்களின் முகங்கள். இடையிடையே நரைத்த மீசைகள். அவர்களும் தொப்பியை எறிந்திருந்தார்கள், அவர்களும் வாய்விட்டுச் சிரித்திருந்தார்கள். பல நாள் தேடி எடுத்த படம். தொப்பியையும் மரத்தையும் கண்டுபிடித்த பிறகும் இது அவள் கண்ணில் பட்டிருக்கவில்லை. நாத்தனார் மேசை மேசையாக நடந்து கடைசி பெஞ்சுக்கு வந்தார். அவனுடைய புத்தகத்தையே குனிந்து பார்த்தார். வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் இந்த இடத்தில் அரை மணி நேரம் பேசியிருப்பார். இப்போது அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாற்பது பேரும் தத்தம் புத்தகத்தில் அந்தப் பையன்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. உடனே ஒருவரும் எழவில்லை.

பிறகு இருவரும் மாடி வராந்தாவில் நடந்தார்கள். நாத்தனாரின் பையை வெட்டுக்கிளி வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“அடுத்த புத்தகம் எதைப் பத்தி?” என்று கேட்டார் நாத்தனார்.

“நிலாவுக்குப் போனது.”

“அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை காட்டு. வந்த பிறகு கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?” சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். “எழுத்தை நீ பாரு. படத்தை நான் பார்க்கறேன்.”

“சரிக்கா,” என்றாள் வெட்டுக்கிளி. அதற்கு மேல் என்ன சொன்னாலும் அதை வெட்டவேண்டியிருக்கும் என்று தோன்றியது.

அப்போது கீழே மைதானத்திலிருந்து பெரும் கூச்சல் எழுந்தது. இருவரும் வராந்தாக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். புழுதி கிளம்பியது. யாரோ ஒருவனைத் தோளில் தூக்கிவைத்திருந்தார்கள்.

“யாரு ஜெயிச்சா?” என்றார் நாத்தனார்.

“தெரியலக்கா. இப்பதான் ஆரம்பிக்கிறாங்களோ என்னவோ.”

நாத்தனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். வெட்டுக்கிளியும் சாய்ந்தாள். கீழே ஒருத்தி சந்தோஷம் தாங்காமல் காலிலிருந்த ஷூவைக் கழற்றி வானத்தைப் பார்த்து எறிந்தாள். அது உயரே போய், வெயிலில் ஒருமுறை புரண்டு, வேலியோரத்து மரத்தின் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது. கூட்டம் மொத்தமும் மரத்தடிக்கு ஓடியது. அவள் பின்னாலேயே ஒற்றைக் காலில் நொண்டி அடித்துக்கொண்டு, சிரித்தபடி, இன்னும் எதையோ கத்திக்கொண்டு போனாள்.